பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்? மூன்று கணினிகள், மூன்று முடிவுகள்

இந்தத் தீபாவளிக்குக் குடியாத்தத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். பலகாரத் தட்டு காலியாவதற்குள் அக்கா மகள் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. இப்போது அவள் டிகிரி முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாள். “மாமா, இதுக்கு இனிமே அப்டேட் வராதுன்னு காட்டுது. வேற வாங்கணுமா?” என்று கேட்டாள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பதிவுசெய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் இன்னும் ஓராண்டு வரும். அதுவும் 2026 அக்டோபரில் முடிந்துவிடும். விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். எட்டாம் தலைமுறை கடைக்கு வந்ததே 2017-இல்தான். அதற்கு முன்னால் வாங்கிய கணினி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் விண்டோஸ் 11 அதை ஏற்காது. குறுக்கு வழியில் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்படிப் போட்டதற்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை.

அதே வாரத்தில் இன்னும் இரண்டு பேர் இதையே கேட்டார்கள். ஒருவர் காட்பாடி காந்தி நகரில் இருக்கும் பெரியப்பா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இன்னொருவர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய ஓஎஸ் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) லினக்ஸ். மூன்று பேரும் அதற்குப் புதியவர்கள். மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தால் இரண்டு பேருக்காவது அது தப்பாகப் போயிருக்கும். ‘புதியவர்களுக்கு எந்த லினக்ஸ் நல்லது?’ என்ற கேள்விக்கு முன்னால் ‘அந்தக் கணினியில் என்ன வேலை நடக்கிறது, அதோடு என்னென்ன இணைந்திருக்கிறது?’ என்று கேட்க வேண்டும். இந்த மூன்று கணினிகளிலும் எனக்குப் புரிந்தது அதுதான்.

எல்லாவற்றுக்கும் பொதுவானது

ஆம்பூர் பிரியாணியும் வாணியம்பாடி பிரியாணியும் ஒரே சீரகச் சம்பா அரிசிதான், பக்குவம்தான் வேறு. லினக்ஸும் அப்படித்தான். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய கெர்னல் என்ற மையப் பகுதிதான் எல்லாவற்றுக்கும் அடி. அதன்மேல் திரைத் தோற்றம், மென்பொருள் கடை, அப்டேட் முறை என்று சேர்த்து ஒவ்வொரு குழுவும் தன் பெயரில் வெளியிடுகிறது. இப்படி வெளியிடுவதை டிஸ்ட்ரோ என்கிறோம். எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் ஃபயர்ஃபாக்ஸ் ஒன்றுதான், லிப்ரே ஆபீஸ் ஒன்றுதான், விஎல்சி ஒன்றுதான். யூடியூப் பார்ப்பது, வங்கிக் கணக்கைப் பார்ப்பது, வாட்ஸப் வெப், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் எல்லாம் பிரவுசரில் நடப்பவை. அவற்றுக்கு இது பெரிதா அது பெரிதா என்ற கேள்வியே வராது.

வித்தியாசம் வருவது வேறு இடங்களில். எவ்வளவு ரேம் தின்கிறது, எத்தனை வருடம் அப்டேட் வரும், வைஃபைக்கும் பிரிண்டருக்கும் டிரைவர் தானாக வருமா, திரை பழக்கப்பட்டதுபோல இருக்குமா, கோளாறு வந்தால் யாரைக் கேட்பது. இந்த ஐந்தையும் வைத்துப் பார்த்தபோது என் முன்னால் நின்றவை மூன்று: உபுண்டு, லினக்ஸ் மின்ட், ஸோரின்.

உபுண்டு 2004-இலிருந்து வருகிறது. பின்னால் இருப்பது கனானிக்கல் என்ற நிறுவனம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு ஐந்து வருடம் அப்டேட் உண்டு. 2024-இல் வந்த 24.04-க்கு 2029 வரை. மின்ட் 2006-இல் கிளெமென்ட் லெஃபெவ்ர் தொடங்கியது. உபுண்டுவின் மேலேயே கட்டப்படுவதால் மின்ட் 22 வரிசைக்கும் 2029 வரை கவலையில்லை. ஸோரின் டப்ளினில் இருக்கும் இரண்டு சகோதரர்களின் வேலை. அதுவும் உபுண்டுவின் மேல்தான் நிற்கிறது. அதன் 18-ஆம் பதிப்பு விண்டோஸ் 10 விடைபெற்ற அதே அக்டோபர் 14 அன்று வெளிவந்தது. அதில் ப்ரோ என்று காசு கொடுத்து வாங்கும் ஒன்று உண்டு. வீட்டுக்கு இலவசமான கோர் போதும்.

மூன்றும் ஒரே குடும்பம் என்பது புதியவருக்குப் பெரிய வசதி. உபுண்டுவுக்கு எழுதிய தீர்வு பெரும்பாலும் மற்ற இரண்டுக்கும் பொருந்தும்.

ஃபெடோராவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். ரெட் ஹாட் ஆதரவில் வரும் நல்ல சரக்கு அது; டோர்வால்ட்ஸே அதைத்தான் பயன்படுத்துகிறார். புத்தம் புது லேப்டாப் வாங்கியவர்களுக்கு அதன் புதிய கெர்னல் உதவும். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாதம்தான் ஆதரவு. காப்புரிமைக் காரணங்களால் சில வீடியோக்களை ஓட வைக்கும் கோடெக்குகளை நாமே தனியாகச் சேர்க்க வேண்டும். பெரியப்பாவின் கணினியை வருடத்துக்கு ஒருமுறை மேம்படுத்த நான் காட்பாடிக்கு ஓடிக்கொண்டிருக்க முடியாது. டெபியன் உபுண்டு குடும்பத்துக்கே தாய்வீடு, 1993-இலிருந்து நிற்கிறது. 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து வைஃபைக்கான ஃபர்ம்வேரும் இன்ஸ்டாலரிலேயே வருவதால் முன்புபோலச் சிரமம் இல்லை. ஆனாலும் முதல் லினக்ஸாக அதைக் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவதாகப் போடட்டும். ஆர்ச் என்ற டிஸ்ட்ரோ பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

பாஸ் லினக்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் 2007-இல் வெளியிட்டது, டெபியனை வைத்து நம் நாட்டில் உருவானது. அரசு மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு இதுவும் சேர்ந்தே வந்தது. பிள்ளைகள் ஆன் செய்யும்போது இரண்டு பெயர் காட்டும். பாஸ் என்ற பெயரை யாரும் தொடமாட்டார்கள், அடுத்த முறை ஃபார்மட் போடும்போது அது காணாமல் போய்விடும். உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இருந்திருந்தால் வேலூர் மாவட்டத்தில் லினக்ஸ் தெரிந்த ஒரு தலைமுறையே வந்திருக்கும் என்பது என் வருத்தம். கேரளத்தில் அரசுப் பள்ளிகளிலேயே உபுண்டுவை வைத்துத் தயாரித்த லினக்ஸில் பாடம் நடக்கிறது. அங்கே அது பழக்கமாகிவிட்டது.

குடியாத்தம்: 4 ஜிபி ரேம்

அக்கா மகளின் லேப்டாப்பில் 4 ஜிபி ரேம், 500 ஜிபி பழைய ஹார்ட் டிஸ்க். பேட்டரி அரை மணி நேரம் தாங்கும். நான் முதலில் செய்தது திருப்புளி எடுத்து அடியைத் திறந்ததுதான். நம் ஊர் வெயிலும் தூசியும் சேர்ந்தால் விசிறிக்குள் பஞ்சு மெத்தையே உருவாகியிருக்கும். அதைத் துடைத்ததிலேயே சூடு குறைந்தது. பழைய லேப்டாப் மெதுவாக இருப்பதற்கு ஓஎஸ் மட்டும் காரணமில்லை.

பிறகு பென்டிரைவ். லினக்ஸின் அருமையான குணம் இது: ஹார்ட் டிஸ்க்கில் ஒரு எழுத்தும் மாற்றாமல் பென்டிரைவிலிருந்தே முழு ஓஎஸ்ஸையும் ஓட்டிப் பார்க்கலாம். லைவ் என்பார்கள். வென்டாய் என்ற கருவியை ஒரு 32 ஜிபி பென்டிரைவில் போட்டுவிட்டால், அதற்குள் நான்கைந்து டிஸ்ட்ரோக்களின் ஐஎஸ்ஓ கோப்புகளை (முழு ஓஎஸ்ஸும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) அப்படியே காப்பி செய்து வைக்கலாம். பூட் ஆகும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டும். துணிக்கடையில் நான்கு புடவையை விரித்துப் போட்டுப் பார்ப்பதுபோல, அன்று சாயங்காலம் நாலைந்தையும் விரித்துப் பார்த்தோம்.

உபுண்டு அழகாகத்தான் இருந்தது. இடது பக்கம் ஐகான் வரிசை, பெரிய எழுத்து, சுத்தமான திரை. ஆனால் அந்த 4 ஜிபி ரேமில் க்னோம் என்ற அதன் திரைத் தோற்றம் ஏறியதுமே கணிசமான இடம் போய்விட்டது. பிரவுசரில் ஆறேழு டேப் திறந்ததும் இழுக்க ஆரம்பித்தது. தவிர, உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் என்ற பொட்டலமாக வருகிறது. வேகமான டிஸ்க்கில் இதை உணரமாட்டோம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் முதல் தடவை திறக்கும்போது காத்திருக்க வேண்டியிருக்கும். மின்ட்டில் ஸ்னாப் இயல்பாகவே நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது; ஃபயர்ஃபாக்ஸ் பழைய முறையிலேயே வருகிறது.

மின்ட்டில் சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று தோற்றம் உண்டு. சின்னமன் பார்க்க நேர்த்தி, எக்ஸ்எஃப்சிஇ இலகு. மின்ட் குழுவே 2 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 4 ஜிபி இருந்தால் வசதி என்கிறது. என் கணிப்பில் 4 ஜிபி உள்ள கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇதான் சரி. சின்னமனும் ஓடும், ஆனால் பிடிஎஃப் நாலைந்தும் பாடவீடியோவும் ஒன்றாகத் திறந்துவைக்கும் மாணவிக்கு அந்த மிச்ச ரேம் முக்கியம். உபுண்டுவின் இலகு வடிவமான லுபுண்டு இன்னும் இலகு. ஆனால் அதன் அமைப்புகள் அங்கங்கே சிதறிக் கிடப்பதாக அவளுக்கே தோன்றியது.

ஒரு தடங்கல் வந்தது. லைவில் வைஃபை தெரியவில்லை. இதுபோன்ற நேரத்தில்தான் பல பேர் லினக்ஸே வேண்டாம் என்று மூடிவைக்கிறார்கள். வழி சுலபம். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால், போனின் இணையம் கணினிக்கு அப்படியே வந்துவிடும். மின்ட்டில் ‘டிரைவர் மேனேஜர்’ என்றே தனியாக ஒன்று இருக்கிறது. இன்ஸ்டால் செய்தபிறகு அதைத் திறந்தால் அந்தச் சிப்புக்கான டிரைவர் இதுதான் என்று காட்டும், தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. டெர்மினலைத் தொடவே இல்லை.

ஆகவே அவளுக்கு மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. கூடவே ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டோம். இதை அழுத்திச் சொல்கிறேன்: எந்த டிஸ்ட்ரோ என்று பத்து நாள் யோசிப்பதைவிட எஸ்எஸ்டி மாற்றுவதற்கு முதலில் காசு ஒதுக்குங்கள். ஆன் செய்து டெஸ்க்டாப் வர மூன்று நிமிடம் எடுத்த கணினி இப்போது அரை நிமிடத்துக்குள் வருகிறது. அந்த வேகத்தில் பெரும்பங்கு எஸ்எஸ்டியுடையது, மின்ட்டுடையது அல்ல. பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு கேஸுக்குள் போட்டு, அவள் போட்டோக்களோடு பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

காட்பாடி: தமிழ்தான் முக்கியம்

பெரியப்பாவினுடையது மேசைக் கணினி. இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம். அவருடைய வேலை இரண்டே இரண்டு: செய்தி படிப்பது, தமிழில் எழுதுவது. முப்பது வருடமாகத் தான் எழுதிய கட்டுரைகள், கடிதங்கள், சங்கத் தீர்மானங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவரிடம் மின்ட்டையும் ஸோரினையும் லைவில் காட்டினேன். மின்ட் சின்னமனில் கொஞ்ச நேரம் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஸோரினைத் திறந்ததும், “இன்னாப்பா, இது என்னுது மாதிரியே இருக்கே” என்றார்.

ஸோரினின் பலம் அங்கேதான். கீழே பட்டை, இடப்பக்க மெனு, கடிகாரம் என்று விண்டோஸில் கை பழகிய இடங்களிலேயே எல்லாவற்றையும் வைத்திருக்கிறார்கள். தோற்றத்தை ஒரே சொடுக்கில் மாற்றவும் வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் மென்பொருளின் இஎக்ஸ்இ கோப்பைத் தெரியாமல் சொடுக்கிவிட்டால், அதற்குப் பதிலாக இங்கே எது கிடைக்கும் என்று பரிந்துரைக்கும். வயதானவர்களுக்கு இந்தச் சின்ன உபசாரம் பெரிய தைரியம். மின்ட்டின் பலம் வேறு. டைம்ஷிஃப்ட் என்ற கருவி அதில் கூடவே வருகிறது. கணினி நல்ல நிலையில் இருக்கும்போது ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டால், அப்டேட்டில் ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். மின்ட்டின் அப்டேட் மேனேஜரும் எது பாதுகாப்புக்கு, எது கெர்னல் என்று பிரித்துக் காட்டும். தூரத்திலிருந்து பராமரிக்கும் என்னைப் போன்றவனுக்கு மின்ட்தான் பிடிக்கும்.

ஆனால் தினமும் அதன் முன்னால் உட்காரப் போகிறவர் அவர். ஸோரினையே போட்டேன், டைம்ஷிஃப்ட்டை அதன் மென்பொருள் கடையிலிருந்து தனியாக நிறுவிக்கொண்டேன்.

தமிழ் தட்டச்சுக்கு வருவோம். இதில் டிஸ்ட்ரோக்களுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியும், ஐபஸ்-எம்17என் என்ற அதன் துணைப் பொதியும் இருந்தால் போதும். உபுண்டுவிலும் ஸோரினிலும் ஐபஸ் ஏற்கெனவே இருக்கிறது. எம்17என் பொதியை மட்டும் சேர்க்க வேண்டிவரும். அதன்பிறகு அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர் என்று வரிசையாகக் காட்டும். மின்ட்டில் மென்பொருள் மேனேஜரிலிருந்து இரண்டையும் நிறுவி, ‘இன்புட் மெத்தட்’ என்ற இடத்தில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக் அவுட் செய்து வர வேண்டும். இந்த லாக் அவுட்டை மறந்துவிட்டு ‘தமிழ் வரவில்லை’ என்று சொல்பவர்கள் நிறைய.

பெரியப்பா தட்டச்சு லோயர், ஹையர் முடித்தவர். அவருக்கு டைப்ரைட்டர் விசைப்பலகை அப்படியே கிடைத்ததில் இருந்த மகிழ்ச்சியை நான் எழுதி முடியாது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குத் தமிழ்99-ஐச் சொல்வேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்தது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு. ‘க’வை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுந்து ‘க்க’ ஆகிவிடும். ‘ந’, ‘த’ என்று அடித்தால் ‘ந்த’. ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழ் அடிப்பதைவிட விசை குறைவு. இரண்டு வாரப் பழக்கம் போதும்.

சிக்கல் பழைய கோப்புகளில் இருந்தது. பாதி பாமினியில், பாதி வானவில்லில் அடித்தவை. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறை பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்கள் இவை. உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள், மேலே போர்த்தியிருப்பது தமிழ் உருவம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. விண்டோஸை அழிப்பதற்கு முன்னால் அதன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த டிடிஎஃப் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். லினக்ஸில் அவற்றை இரட்டைச் சொடுக்கில் திறந்து நிறுவியதும் லிப்ரே ஆபீஸில் அவர் கட்டுரைகள் முழுசாகத் தெரிந்தன. அப்புறம் நிதானமாக, எழுத்துரு மாற்றும் கருவியை வைத்து ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். இந்த ஒரு விஷயத்துக்காகவாவது, உங்கள் வீட்டில் பழைய தமிழ்க் கோப்புகள் இருந்தால், ஃபார்மட் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி எழுத்துருக்களை எடுத்து வைத்துவிடுங்கள். சர்வீஸ் செய்கிறவர் இதைக் கேட்கமாட்டார்.

போடுவதற்கு முன்னால்

மின்ட்டின் ஐஎஸ்ஓ சுமார் 3 ஜிபி, உபுண்டு 24.04 கிட்டத்தட்ட அதைப்போல இரண்டு மடங்கு. தினம் ஒன்றரை ஜிபி ரீசார்ஜில் ஓட்டுகிறவர்களுக்கு இது உண்மையான வித்தியாசம். பாதியில் அறுந்த டவுன்லோடை வைத்து இன்ஸ்டால் செய்தால் புரியாத பிழைகள் வரும். அதனால் இணையதளத்தில் கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ256 எண்ணோடு இறக்கிய கோப்பை ஒப்பிட்டுப் பாருங்கள்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு டூயல் பூட் போடுவதாக இருந்தால், முதலில் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்க வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் டிஸ்க்கை முழுமையாக விடாமல் அரைத்தூக்கத்தில் வைத்திருக்கும், லினக்ஸால் அந்தப் பகுதியில் எழுத முடியாமல் போகலாம். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பேக்கப்.

கரண்ட்டையும் நினைவில் வையுங்கள். பேட்டரி செத்த லேப்டாப்பிலோ யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியிலோ பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவுகள்) மாற்றும் நடுவில் மின்சாரம் போனால் டேட்டா போகும். மழைக்காலச் சாயங்காலத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வந்தால் தமிழிலேயே படிக்க இடம் இருக்கிறது. 2012-இலிருந்து கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம் இதழில் லினக்ஸ் பற்றி ஏராளமான கட்டுரைகள் உண்டு. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று துடிப்பாக இயங்குகிறது. கேட்கும்போது கணினியின் மாடல், டிஸ்ட்ரோவின் பெயர், பதிப்பு, திரையில் வந்த பிழைச்செய்தி முழுவதும் என நான்கையும் கொடுத்தால் பதில் சீக்கிரம் வரும்.

சத்துவாச்சாரி: பிரிண்டரும் டேலியும்

கடை வைத்திருக்கும் அண்ணனிடம் இரண்டு கணினிகள். ஒன்றில் டேலி, போட்டோஷாப், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பிரிண்ட் எல்லாம். இன்னொன்று ஆன்லைன் விண்ணப்பம் போடுவதற்கு மட்டும். “தம்பி, ரெண்டுலயும் லினக்ஸ் போட்டுக் கொடுத்துடு, வைரஸ் தொல்லை விட்டது” என்றார். நியாயமான ஆசைதான். ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய பென்டிரைவ் அந்தக் கணினிகளில் ஏறி இறங்குகிறது!

முதல் கணினியைத் தொட வேண்டாம் என்றேன். டேலி விண்டோஸுக்கு மட்டும் வருவது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் போன்றவற்றை வைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்பார்கள், ஆனால் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது சோதனை செய்து பார்க்கும் இடமல்ல அது. ஜிஎஸ்டி ரிட்டர்ன் பிரவுசரிலேயே தாக்கல் செய்யலாம், அதில் தடையில்லை. போட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப், கோரல் டிராவுக்குப் பதில் இங்க்ஸ்கேப் உண்டு. இரண்டும் நல்ல மென்பொருள்கள். ஆனால் வாசலில் ஆள் நிற்கும்போது புதுக் கருவியைப் பழக முடியாது. கை பழக ஒரு மாதமாவது வேண்டும், அந்த மாதத்தின் வருமானத்தை யார் கொடுப்பது?

பிரிண்டர் விஷயத்தில் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிஸ்ட்ரோ ஒப்பீடு செய்கிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஏர்பிரிண்ட் என்று அட்டையில் போட்டிருக்கும் பிரிண்டர்களை எந்த லினக்ஸும் தானாகவே கண்டுகொள்ளும், டிரைவர் தேவையில்லை. எப்சன் இங்க் டேங்க் வகைகளுக்கு எப்சனே லினக்ஸ் டிரைவர் தருகிறது. எச்பிக்கு எச்பிலிப் என்ற தொகுப்பு உண்டு. நம் ஊர்க் கடைகளில் பரவலாக இருக்கும் எச்பி லேசர்ஜெட் 1020-க்கு அதோடு ஒரு பிளகின்னும் இறக்க வேண்டும், இணையம் இருந்தால் இரண்டு நிமிட வேலை. கேனான் எல்பிபி 2900-க்குக் கேப்ட் என்ற தனி டிரைவர் உண்டு; அதை நிறுவப் பல படிகள், புதியவர்கள் தாங்களாகச் செய்வது கடினம். இந்த விஷயத்தில் மின்ட், உபுண்டு, ஸோரின் மூன்றுக்கும் ஒரே நிலைதான். உங்கள் பிரிண்டர் எது என்பதுதான் நீங்கள் லினக்ஸுக்கு மாறலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும். லைவ் பென்டிரைவிலேயே பிரிண்டரை இணைத்து ஒரு தாளை அடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாவது கணினியில் மின்ட் சின்னமன் போட்டோம். இங்கே ஸோரினையும் உபுண்டுவையும் நான் எடுத்தே பார்க்கவில்லை. காரணம் என்னவென்றால், கடையில் வேலை செய்யும் பையன் கல்லூரி லேபில் ஏற்கெனவே மின்ட் பார்த்தவன். நான் இல்லாத நேரத்தில் சரிசெய்யத் தெரிந்தவன் பக்கத்தில் இருப்பது, பட்டியலில் உள்ள எந்த வசதியையும்விடப் பெரியது. விண்ணப்பம் போட வருகிறவர்களுக்கென்று அட்மின் உரிமை இல்லாத ஒரு தனிக் கணக்கை உருவாக்கிக் கொடுத்தேன். பிடிஎஃப்பைச் சுருக்குவது, போட்டோவைக் கேட்கிற கேபிக்குக் குறைப்பது இரண்டையும் பையன் முதல் நாளே பிடித்துக்கொண்டான். எக்செல்லில் மேக்ரோ வைத்து ஒருவர் கொண்டுவந்த ஃபைல் மட்டும் லிப்ரே ஆபீஸில் சரியாக ஓடவில்லை. அதை எடுத்துக்கொண்டு முதல் கணினிக்குப் போனார்கள்.

அந்த முதல் கணினியில் இன்னும் விண்டோஸ் 10தான். ஓராண்டு நீட்டிப்புக்குப் பதிவுசெய்து வைத்திருக்கிறோம். 2026 அக்டோபருக்குள் டேலிக்கென்று விண்டோஸ் 11 ஏற்கும் ஒரு கணினி வாங்குவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். வாங்கியதும் டேலி டேட்டாவையும் போட்டோஷாப்பையும் அதற்கு மாற்றிவிட்டு, பழையதில் மின்ட் போட வேண்டும். ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். அதற்குள் மின்ட்டின் புதுப் பதிப்பு வந்திருந்தால் அதை இறக்கிக்கொள்வோம்.